பழைய லேப்டாப்பில் வைஃபை வேகம்: கேபிளா, யூஎஸ்பி அடாப்டரா, உள் கார்டா?

வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் வந்தாயிற்று. போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 90-க்கு மேல் காட்டுகிறது. அதே நாற்காலியில் உட்கார்ந்து பத்து வருடப் பழைய லேப்டாப்பில் போட்டால் 30-ஐத் தாண்ட மறுக்கிறது. இதற்கு ரேம் கூட்டச் சொல்வார்கள், விண்டோஸை மாற்றச் சொல்வார்கள். இரண்டுக்கும் வைஃபை வேகத்துக்கும் பெரிதாகச் சம்பந்தம் கிடையாது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். லேப்டாப் ஒரே மேசையில் கிடக்கிறதென்றால் லேன் கேபிள். கூடத்துக்கும் மாடிக்கும் கூடவே வருகிறதென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் (வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில், அதாவது பேண்டுகளில் வேகமானது; மற்றது 2.4) யூஎஸ்பி அடாப்டர். 2014-க்குப் பிந்தைய, எம்.2 ஸ்லாட் (கார்டு செருகும் புது வகை இடம்) உள்ள லேப்டாப்பாக இருந்து, திறந்து மூடத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால் மட்டும் உள் கார்டு, அதாவது லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டை மாற்றுவது. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் எந்தக் கணக்கிலும் வேண்டாம். ஆனால் காசை எடுக்குமுன் வேகம் எங்கே குறைகிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்குச் செலவு இல்லை.

முதலில் எண்ணைப் பாருங்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் வைஃபை பக்கம் போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் அடியில் லிங்க் ஸ்பீடு, பேண்ட், சேனல் என்று மூன்றும் இருக்கும். ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த லிங்க் ஸ்பீடைக் குறித்துக்கொள்ளுங்கள்.

72 (சில சமயம் 65) என்று இருந்தால் உள்ளே இருப்பது ஒற்றை ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸ், வைஃபை 4 (பழைய தலைமுறை; 5, 6 என்பவை அடுத்தடுத்தவை) கார்டு. 2011 முதல் 2016 வரை வந்த விலை குறைந்த லேப்டாப்புகளில் இந்த வகைதான் அதிகம். 150 என்று இருந்தால் அதே கார்டு, சேனல் அகலம் மட்டும் 40 மெகாஹெர்ட்ஸ். 144 அல்லது 300 என்றால் இரண்டு ஆன்டெனா. 433, 867 என்று வந்தால் கார்டு ஏற்கெனவே வைஃபை 5. அப்படியிருந்தும் வேகம் இல்லையென்றால் குறை பெரும்பாலும் லேப்டாப்பில் இல்லை, ரூட்டர் இருக்கும் இடத்தில்தான் இருக்கும்.

லிங்க் ஸ்பீடு என்பது காற்றில் பேசிக்கொள்ளும் வேகம். கையில் கிடைப்பது அதில் பாதி, நன்றாக இருந்தால் அறுபது சதவீதம். 72-க்கு 35, 40 என்று வந்தாலே அதிகம். கும்பகோணத்துத் தெருக்களைப் போலச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அடுத்த வீடு, எதிர் வீடு, மாடிக் குடித்தனம் என எல்லா ரூட்டரும் அதே 2.4-ல் கூச்சலிடும், 20-களில் நின்றுவிடும். மாறாக, ஒற்றை ஆன்டெனா வைஃபை 5 கார்டுக்கு 433 லிங்க் கிடைத்தால் கையில் 200 வரும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அதுவே இரட்டிப்பு. இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் வைஃபை 6 பொருளுக்கு அதிகக் காசு கொடுக்கிறார்கள்.

லிங்க் ஸ்பீடு சரியாக 54-ல் நின்றால் எதையும் வாங்க வேண்டாம். ரூட்டரில் பாதுகாப்பு முறை பழைய டிகேஐபி அல்லது வெப் என்று கிடக்கிறது. வைஃபை 4 விதிப்படி அந்தக் குறியாக்கத்தில் வேகம் 54-க்கு மேல் போகக் கூடாது. ரூட்டர் பக்கத்தில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றினால் அந்த நிமிடமே எண் ஏறும். டபிள்யூஎம்எம் என்ற டிக் எடுக்கப்பட்டிருந்தாலும் இதே கதைதான். அதைப் போட்டு வையுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்துவிடாதீர்கள், பழைய கார்டுகளால் இணையவே முடியாது.

ப்ளூடூத் மவுஸோ ஹெட்செட்டோ ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய காம்போ கார்டுகளில் ப்ளூடூத்தும் 2.4 வைஃபையும் ஒரே ஆன்டெனாவைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஹெட்செட்டை அணைத்ததும் வேகம் கணிசமாகக் கூடுகிறதென்றால், வயர் ஹெட்செட்தான் உங்களுக்கு மலிவான வழி.

ரூட்டரில் 5 இருக்கிறதா?

ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டி, ஓஎன்டி என்பது, சில இணைப்புகளில் 2.4 மட்டுமே உள்ளதாக இருக்கும். அப்படியானால் லேப்டாப்பில் எந்த 5 கிகாஹெர்ட்ஸ் அடாப்டர் செருகினாலும் பயனில்லை. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இரண்டு நெட்வொர்க் பெயர்கள் இருக்கிறதா, முகப்பில் 5ஜி என்ற விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள் (போன் சிம்மின் 5ஜிக்கும் இதற்கும் தொடர்பில்லை). இல்லையென்றால் இணைப்பு தருபவரிடம் டூயல் பேண்ட் பெட்டி கேளுங்கள். மறுத்தால், சாதாரண டூயல் பேண்ட் ரூட்டர் ஒன்றை வாங்கி அந்தப் பெட்டியின் லேன் போர்ட்டில் இணைக்கலாம். அப்படி இணைக்கும்போது புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது வைஃபை மட்டும் கொடுக்கும் முறைக்கு மாற்றிவிடுங்கள். இரண்டும் ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்க ஆரம்பித்தால் பிரின்டர் ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம் என்று ஒன்றையொன்று காணாது.

இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பிரித்து வேறு பெயர் கொடுங்கள். பழைய டிரைவர்கள் சிக்னல் பட்டை அதிகமாகத் தெரியும் 2.4-க்கே ஓடும். 5-க்கு 36 முதல் 48 வரையிலான சேனல் ஒன்றை நிலையாக வையுங்கள். 52 முதல் 144 வரை உள்ளவற்றில் ரேடார் தெரிந்தால் ரூட்டர் சேனலை விட்டு விலக வேண்டும் என்று விதி. மலிவு அடாப்டர்கள் சில அவற்றைக் காணவே மாட்டா. 2.4-ல் 1, 6, 11 ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

காசில்லாத சோதனை: போனையே அடாப்டராக்குவது

இதை நிறையப் பேர் செய்வதில்லை. ஆண்ட்ராய்டு போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். டேட்டா கேபிளால் லேப்டாப்பில் செருகி, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் தாங்கள் வாங்கும் வைஃபையை அப்படியே லேப்டாப்புக்குக் கடத்தும். விண்டோஸிலும் லினக்ஸிலும் தனி டிரைவர் தேவைப்படுவது அரிது. ஐபோனில் இது நடக்காது, அது சிம் டேட்டாவை மட்டும்தான் பகிரும்.

இப்போது ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். 28 காட்டிய லேப்டாப் 90 காட்டினால், யூஎஸ்பி அடாப்டர் வாங்கினாலும் கிட்டத்தட்ட இதுதான் கிடைக்கும் என்று வாங்காமலே தெரிந்துவிட்டது. திரை உடைந்து டிராயரில் கிடக்கும் பழைய போன் இருந்தால் அதையே நிரந்தரமாகச் செருகி வைத்துக்கொள்ளலாம். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போனிலும் 5 பேண்ட் வேகம் வரவில்லையென்றால் பிரச்சினை சுவரில்.

சுவரும் நீளமும்

டெல்டாவின் பழைய வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். ஒன்றரை அடிச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் களைத்துவிடும். ஃபைபர் தெருப்பக்கமாக நுழைவதால் பெட்டியையும் ரேழியிலோ வாசல் ஜன்னல் ஓரத்திலோ அடித்துவிட்டுப் போகிறார்கள். பாதி வேகம் தெருவுக்குப் போகிறது.

பெட்டியைக் கூடத்துக்கு மாற்றுவதுதான் இங்கே மிக லாபமான வேலை. லைன்மேனிடம் ஃபைபரை இன்னும் பத்து மீட்டர் உள்ளே இழுத்துத் தரச் சொல்லுங்கள். ஃபைபரை வீட்டில் யாரும் வெட்டி ஒட்ட முடியாது, ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும். கதவு இடுக்கில் மடித்துவிடவும் கூடாது. கூர்மையாக மடிந்தால் ஒளி கசிந்து சிவப்பு லாஸ் விளக்கு எரியும். பெட்டி ஆள் உயரத்துக்கு மேல் இருக்கட்டும். பீரோ, ஃபிரிட்ஜ், டிவி இவற்றின் பின்னால் வேண்டாம். இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் ப்ளக் பாயின்ட்டாகப் பார்த்துக்கொண்டால் கரன்ட் போகும்போது நெட்டும் போகாது.

ரிப்பீட்டரை ஏன் தள்ளுகிறோமென்றால், ஒற்றை ரேடியோ ரிப்பீட்டர் ஒரே சேனலில் வாங்கி, அதே சேனலில் திருப்பி அனுப்புகிறது. வேகம் பாதியாகும். அதையும் சிக்னல் செத்த இடத்தில் செருகுவார்கள். செத்ததைத்தான் அது பெரிதாக்கும். இரண்டாம் கட்டு வரை வேகம் வேண்டுமென்றால் 20, 25 மீட்டர் கேபிள் இழுத்து அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். கடைமடை வரை தண்ணீர் போக வாய்க்கால் வெட்டத்தான் வேண்டும்.

லேன் கேபிள்

லேப்டாப்பின் லேன் போர்ட் 100-ஆ, கிகாபிட்டா என்று முதலில் பாருங்கள். 100 போர்ட்டில் 94 வரை வரும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அது போதும், நாள் முழுக்க ஆடாமல் நிற்கும். ஓஎன்டியிலும் சில சமயம் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100. ஜிஇ என்று எழுதியிருப்பதில் செருகுங்கள். லேன் போர்ட்டே இல்லாத மெல்லிய லேப்டாப்புக்கு யூஎஸ்பி 3.0 கிகாபிட் அடாப்டர் உண்டு.

கேபிளில் ஏமாறும் இடம் சிசிஏ. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பன்ச் செய்யும்போது ஒடியும், நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் முனை சீக்கிரம் அரித்துவிடும். முழுச் செம்பு கேட்6 கேட்டு வாங்குங்கள். கடற்கரை ஊர்களில் கனெக்டர் பச்சை பூத்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டிவிட்டுப் புதிய கனெக்டரை அழுத்திப் பொருத்த, அதாவது கிரிம்ப் செய்ய வேண்டும். வரிசை இரண்டு முனையிலும் இதுதான்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. நீலமும் பழுப்பும் பிடிக்காமல் போனால் கிகாபிட் போர்ட்கூட 100-க்கு இறங்கிவிடும். லிங்க் 10 என்று காட்டினால் கிரிம்ப் மோசம்.

வயல் பக்கத்து வீடுகளில் அறுப்பு முடிந்ததும் எலி வீட்டுக்குள் வரும். ஓட்டு வளையோரமாகத் தொங்கவிட்ட கேபிளைத்தான் முதலில் கடிக்கும். கேசிங் பட்டியோ பிவிசி பைப்போ போட்டு இழுங்கள். கரன்ட் வயரோடு ஒரே பைப்பில் விட வேண்டாம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெட்டவெளியில் செம்புக் கேபிள் கட்டவே கூடாது. ஐப்பசி இடியில் ஒரு முனையின் ரூட்டரும் மறு முனையின் லேப்டாப் போர்ட்டும் சேர்ந்து போகும். அங்கே ஃபைபர் துண்டும், அதை இரு முனையிலும் லேனாக மாற்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும்தான் சரி.

யூஎஸ்பி அடாப்டர்

பெட்டியின் மேல் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. என்150, என்300 என்றால் 2.4 மட்டும், இப்போது இருப்பதையே இன்னொரு முறை வாங்குகிறீர்கள். ஏசி600 என்றால் 5-ல் 433, ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். ஏசி1200, ஏசி1300 என்றால் 5-ல் 867, விலை கொஞ்சம் கூடும். ஏஎக்ஸ்1800 என்பது வைஃபை 6.

பிறகு லேப்டாப்பின் யூஎஸ்பி. உள்ளே நீல நாக்கு இருந்தால் பெரும்பாலும் 3.0. கறுப்பு என்றால் 2.0-ஆகத்தான் இருக்கும், அதில் எவ்வளவு பெரிய அடாப்டரைச் செருகினாலும் 200, 250 எம்பிபிஎஸ் வந்தால் நல்லது. ஆகவே 2.0 மட்டும் உள்ள லேப்டாப்புக்கு ஏசி600 போதும். ஏசி1300-ஐ வாங்குவதற்கு ஒரே நியாயம் இரண்டு ஆன்டெனா இருப்பதால் தூரத்தில் கொஞ்சம் உறுதியாகப் பிடிக்கும் என்பது.

நகக்கண் அளவுள்ள நானோ அடாப்டர் பார்க்க அழகு, பயன்பாட்டில் பலவீனம். ஆன்டெனா சிறியது, லேப்டாப்பின் உலோகத்தோடு ஒட்டியே இருக்கும், சூடேறினால் விட்டுவிட்டு வரும். மடக்கும் ஆன்டெனா உள்ளதை வாங்கி, அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசை மேல் நிறுத்தி வையுங்கள். யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 பேண்டில் இரைச்சல் கிளப்பும் என்பது தெரிந்த விஷயம். அந்த அரை மீட்டர் அதற்கும் மருந்து.

செருகியதும் டிவைஸ் மேனேஜரில் பழைய உள் கார்டை டிசேபிள் செய்யுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் இரண்டையும் பிடித்துக்கொண்டு, பழையதிலேயே ஓட்டினாலும் ஓட்டும். அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட்டில் மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் சும்மா விட்டதும் நெட் போகிறது என்ற புகாரில் பாதி இதனால்தான். சில அடாப்டர்கள் முதலில் சிடி டிரைவ் போலத் தோன்றும், அதற்குள்தான் டிரைவர் இருக்கும். லினக்ஸ் ஓட்டுபவர்கள் சிப்பைக் கேட்டு வாங்க வேண்டும்: மீடியாடெக் எம்டி7612யு பிரச்சினை இல்லாதது, ரியல்டெக் 8822பியு, 8821சியு வகைகளுக்கு கெர்னல் 6.2-லிருந்துதான் உள்ளேயே ஆதரவு வந்தது.

உள் கார்டு

எல்லாம் பொருந்தினால் இதுதான் நேர்த்தியான வழி. லேப்டாப்பின் மூடியைச் சுற்றி ஓடும் ஆன்டெனாவையே பயன்படுத்துவதால் நானோ அடாப்டரைவிட நன்றாகப் பிடிக்கும், ப்ளூடூத்தும் புதிதாகும், வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. பொருந்தாமல் போகும் இடங்கள் நான்கு.

முதலாவது ஸ்லாட். 2013-க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் ஹாஃப் மினி பிசிஐஇ. அதற்கு இன்டெல் 7260-ன் மினி வகை நம்பகமானது, வைஃபை 5, இரண்டு ஆன்டெனா, விண்டோஸ் 7-க்கும் டிரைவர் உண்டு. பிந்தையவற்றில் எம்.2 2230, அதாவது 22-க்கு 30 மில்லிமீட்டர். அதற்கு 7265, 8265, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210. கடைசி இரண்டுக்கும் 64 பிட் விண்டோஸ் 10 ஆவது வேண்டும். சில மெல்லிய லேப்டாப்புகளில் கார்டு போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், அங்கே இந்த வழி அடைப்பு.

இரண்டாவது பெயர்க் குழப்பம். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211, 9560 மூன்றும் பார்க்க அப்படியே எம்.2 கார்டுதான், விலையும் குறைவு. ஆனால் அவற்றின் பாதி வேலையை இன்டெலின் புதிய ப்ராசசர்தான் செய்கிறது. பழைய லேப்டாப்பிலும் ஏஎம்டியிலும் அவை உயிர் பெறா. ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கும்போது 200-க்கும் 201-க்கும் உள்ள அந்த ஓர் எண்ணைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் உள் நிரல்) தடை. லெனோவாவின் பழைய திங்க்பேட் உள்ளிட்ட சில மாடல்களும் ஹெச்பியின் பழைய மாடல்கள் பலவும் தங்கள் பட்டியலில் உள்ள கார்டை மட்டுமே ஏற்கும். வேறு கார்டைப் போட்டால் திங்க்பேடில் 1802 என்றும் ஹெச்பியில் 104 என்றும் எண் காட்டி அங்கேயே நின்றுவிடும். பயப்பட வேண்டாம், பழைய கார்டைத் திருப்பிப் போட்டால் எழுந்துவிடும். வாங்குமுன் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி, லெனோவா என்றால் எஃப்ஆர்யு எண், ஹெச்பி என்றால் ஸ்பேர் எண் உள்ள கார்டாகப் பாருங்கள். அப்படிப்பட்ட லேப்டாப்பில் பயாஸை மாற்றி எழுதுவதைவிட யூஎஸ்பி அடாப்டர் எவ்வளவோ மேல்.

நான்காவது ஆன்டெனா வயர். ஒற்றை ஆன்டெனா கார்டோடு வந்த லேப்டாப்பில் உள்ளேயும் ஒரே வயர்தான் இருக்கலாம். இரண்டு ஆன்டெனா கார்டு போட்டாலும் 867-க்குப் பதில் 433 தான் வரும். போதும் என்றால் அதோடு விடலாம். வயர் முனையும் கவனம்: மினி கார்டின் முனை பெரியது, எம்.2 முனை சிறியது, ஒன்றில் மற்றொன்று உட்காராது.

மாற்றுமுன் புதிய டிரைவரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டைக் கழற்றிய பிறகு நெட் இருக்காது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்து முழுதாக அணைத்து, பேட்டரியைப் பிரித்து, பவர் பட்டனைப் பத்து விநாடி பிடியுங்கள். எந்த வயர் எதில் இருந்தது என்று போட்டோ எடுங்கள். முனையை நேராக மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் நெம்பினால் போயிற்று. மாட்டும்போதும் நேராக வைத்து விரலால் அழுத்தினால் டிக்கென்று உட்காரும். 7260 போட்ட பிறகு வைஃபை வந்து ப்ளூடூத் மட்டும் வரவில்லையென்றால், 51-வது பின்னைச் சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் மறைத்தால் சில மாடல்களில் வந்துவிடும்.

அடாப்டரானாலும் உள் கார்டானாலும், மாட்டியதும் திரும்ப அதே லிங்க் ஸ்பீடு பக்கத்துக்குப் போங்கள். 5 பேண்டில் 433, 867 அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். இன்னும் 72 என்றிருந்தால் பழைய கார்டில்தான் ஓடுகிறது, அல்லது தவறான பொருள் வந்திருக்கிறது. திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் பாருங்கள். லிங்க் சரியாக இருந்தும் ஸ்பீட் டெஸ்ட் ஏறவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் திறந்து வைத்துத் திரும்ப ஓட்டுங்கள். சிபியு 100-ல் நின்றால் அந்தப் பழைய செலரானால் பிரவுசரில் அதற்கு மேல் இழுக்க முடியவில்லை என்று பொருள். பெரிய ஃபைல் இறங்கும்போது டிஸ்க் 100-ல் நின்றால் அடுத்த காசு எஸ்எஸ்டிக்கு.